எட்டாவது ஏரி

ஒவ்வொரு மழைக்காலத்திலும் மும்பை மாநகராட்சி ஓர் அறிவிப்பு வெளியிடும்: பவாய் ஏரி நிரம்பி வழிகிறது. பெரும்பாலும் ஜூனிலோ ஜூலையிலோ வரும் செய்தி இது. நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏழு ஏரிகளும் அப்போதுதான் மெல்ல உயர ஆரம்பித்திருக்கும். தண்ணீர் வெட்டு நீங்குமா, நீளுமா என்று நகரமே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஓர் ஏரி நிரம்பியது என்றால் காதில் தேன்தான். ஆனால் அறிவிப்பின் அடுத்த வரி ஆசையில் மண்ணைப் போட்டுவிடும். இந்தத் தண்ணீர் குடிக்க உதவாது. தொழிற்சாலைகளுக்கும் ஆரே பால் பண்ணைக்கும்தான் போகிறது.

குடிக்க உதவாத ஓர் ஏரியை ஒரு மாநகரம் எதற்காக வைத்துக்கொண்டிருக்க வேண்டும்? அதுவும் ஒரு சதுர அடிக்குக் கொலை நடக்கக்கூடிய மும்பையில்? இந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகளாகப் பதில் வைத்திருப்பவர்கள் ஒரு சிறு கூட்டத்தார். அவர்கள் சூழலியல் நிபுணர்கள் அல்லர், அதிகாரிகளும் அல்லர். விடியுமுன் எழுந்து, பிசைந்த மாவு உருண்டையும் மடக்கு நாற்காலியுமாக வந்து, நாள் முழுக்கத் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்காரும் தூண்டில்காரர்கள்.

மத்திய ரயில்வேயில் காஞ்சூர்மார்க் நிலையத்தில் இறங்கி மேற்கே சில கிலோமீட்டர் போனால் ஏரி. ஒரு பக்கம் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மரங்கள் அடர்ந்த வளாகம். அதற்குள்ளேயே ஏரியை ஒட்டிப் பத்மாவதி தேவி கோயில். இன்னொரு பக்கம் ஹீரானந்தானி வளாகத்தின் கிரேக்கத் தூண்கள் வைத்த அடுக்குமாடிகள். கரையோரமாகவே ஜோகேஸ்வரி-விக்ரோலி இணைப்புச் சாலை இரைந்துகொண்டு ஓடுகிறது. நிமிர்ந்தால் வடக்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் மலைகள். பேருந்து ஜன்னலிலிருந்து பார்ப்பவருக்குச் சில மாதங்களில் ஏரி தெரியும். சில மாதங்களில் பச்சைப் புல்வெளி ஒன்று தெரியும். அது புல்வெளி இல்லை, ஆகாயத்தாமரை. அதன் அடியில்தான் ஏரி இருக்கிறது.

பவாய் ஒரு பார்சிப் பிரபுவின் பண்ணையாக இருந்த இடம். விக்டோரியா அரசிக்குக் கப்பலில் பம்பாய் மாம்பழம் அனுப்பியவர் என்று பெயர் வாங்கிய பிராம்ஜி காவஸ்ஜிதான் அந்தப் பிரபு. பிற்பாடு நகரத்தின் தாகம் பெருகியபோது, மலைகளுக்கு நடுவே அணை போட்டு 1890இல் ஏரியைக் கட்டி முடித்தார்கள். செலவு 12.59 லட்ச ரூபாய். நிரம்பினால் 2.23 சதுர கிலோமீட்டர் பரப்பு, 545 கோடி லிட்டர் தண்ணீர். இன்றைய மும்பைக்கு இரண்டு நாள் தேவைக்குக்கூடப் போதாத அளவு. அதுவும் நீடிக்கவில்லை. 1892இல் தான்சா ஏரி வந்தது. பவாயின் தண்ணீரும் தரம் தேறவில்லை. குடிநீர்ப் பட்டியலிலிருந்து கழற்றிவிடப்பட்டது. இரண்டே ஆண்டில் வேலை போய்விட்ட அரசு ஊழியரைப் போல, ஏரி சும்மா கிடந்தது.

சும்மா கிடந்த நீரில்தான் தூண்டில் விழுந்தது. வெள்ளைக்காரன் போகுமிடமெல்லாம் கிரிக்கெட் மட்டையோடு தூண்டில் கழியையும் எடுத்துப்போனான். இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றிய புகழ்பெற்ற ஆங்கில நூலை 1873இல் எழுதிய எச்.எஸ். தாமஸ், சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ஐ.சி.எஸ். வகை அதிகாரி. நீலகிரி ஓடைகளிலும் காஷ்மீரத்திலும் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டதும் இந்த மோகம்தான். பவாயில் 1930களிலேயே மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. பம்பாய் மாகாணத்தின் பெயரில் தொடங்கிய தூண்டில் சங்கம், பின்னால் மகாராஷ்டிர மாநிலத்தின் பெயரை ஏற்றது. கரையில் அதன் சங்கக் கட்டடம். துரைகள் போனார்கள், நாற்காலிகள் கைமாறின, மீன்பிடிக்கும் பைத்தியம் மட்டும் அப்படியே இருந்தது.

பைத்தியம் என்று சொல்வது அவர்களையே கேட்டால் ஒப்புக்கொள்ளும் சொல்தான். ரொட்டியும் கோதுமை மாவும்தான் இரைக்கு அடிப்படை. அதில் என்ன வாசனைப் பொருள், எவ்வளவு, எப்போது சேர்க்க வேண்டும் என்பது சம்பந்தியிடம்கூடச் சொல்லாத ரகசியம். எதிர்ப்பார்க்கிற மீனைப் பொறுத்து இரை தொங்கும் ஆழம் மாறும். கட்லாவுக்குக் கீழ்த்தாடை நீண்டு வாய் மேல்நோக்கி இருக்கும். அது மேல்மட்டத்தில் மேய்கிற மீன். ரோகு நடுநீரில். மிர்கால் அடிச்சேற்றில். தக்கை மெல்ல ஆடி, பக்கவாட்டில் நகர்ந்து, மறுபடி நின்று, திடீரென்று மறையும். அந்த ஒரு கணத்துக்காக எட்டு மணி நேரம். வெறுங்கையோடு திரும்பும் நாட்களே அதிகம். வீட்டில் மனைவி வஞ்சிரம் வாங்கி வைத்திருப்பார்.

இந்தப் பைத்தியம் ஏரிக்கு எப்படி உதவியது என்பதற்கு மீனின் உடற்கூறில் ஒரு காரணம் இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்று மீன்கள். புதுவெள்ளம் பாயும் ஆற்றில்தான் முட்டையிடும். தேங்கிய நீரில் கொழுத்து வளரும், சினை கட்டும், ஆனால் குஞ்சு பொரிக்காது. ஆகவே ஓர் ஏரியில் இவை இருக்கின்றன என்றால் யாரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள் என்று பொருள். விடுவதை நிறுத்தினால் சில ஆண்டுகளில் ஏரி காலி. ஒரு காலத்தில் வங்காளத்து ஆறுகளில் வெள்ளக் காலத்தில் அள்ளிய குஞ்சுகளைத்தான் நாடெங்கும் அனுப்பினார்கள். 1957 ஜூலையில் ஒடிஷாவில் ஹீராலால் சவுத்ரியும் கே.எச். அலிகுன்ஹியும் ஹார்மோன் ஊசி போட்டு இவற்றை முட்டையிட வைத்தார்கள். அதன்பிறகுதான் குஞ்சு என்பது காசு கொடுத்தால் கிடைக்கும் சரக்காயிற்று. அந்த வெற்றியின் நினைவாகத்தான் இன்றும் ஜூலை 10ஐ மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

காசு யார் கொடுப்பது? இங்கேதான் செயற்குழு என்ற சங்கதி வருகிறது. தனி மனிதன் தூண்டில் போடலாம். ஏரியை நிரப்ப முடியாது. சந்தா வசூலிக்க வேண்டும், குஞ்சு வாங்க வேண்டும், படகுக்குக் கீல் பூச வேண்டும், இரவில் வலை வீசுவோரைத் துரத்தக் காவலாள் போட வேண்டும், இத்தனை அங்குலத்துக்குக் குறைந்தால் மீனைத் திரும்ப விடு என்று விதி செய்ய வேண்டும், அந்த விதியை மீறும் நெடுநாள் நண்பரிடம் முகம் பார்த்துப் பேச வேண்டும். எந்தச் சங்கத்திலும் கடைசி வேலைதான் சிரமமானது.

இங்கிலாந்தில் தூண்டில் சங்கங்கள் சிலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. சந்தா கட்டினால் மட்டும் போதாது. ஆண்டில் சில நாட்கள் கரைக்கு வந்து உடலுழைப்பும் தர வேண்டும். களை பிடுங்க, கரை கட்ட, மரக்கிளை வெட்ட. வரத் தவறினால் அபராதம். வங்கி மேலாளரும் கொத்தனாரும் ஒரே சேற்றில் இறங்கி நிற்பார்கள். நம் ஊர்க் குடிமராமத்தின் ஒன்றுவிட்ட தம்பி என்று இதைச் சொல்லலாம், ஒரு வித்தியாசத்தோடு: குடிமராமத்தில் வயலுக்காக உழைத்தார்கள், இங்கே பொழுதுபோக்குக்காக. இந்தியச் சங்கங்களில் உடலுழைப்பு கூலியாட்கள் கணக்கில் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் கரையில் உட்கார்ந்து பார்ப்பதும் ஓர் உழைப்பு என்பதைப் பவாய் காட்டியிருக்கிறது.

ஏரியில் ஏதோ சரியில்லை என்பது முதலில் தெரிவது தூண்டில்காரருக்கு. மாநகராட்சி எப்போதாவது ஒரு குடுவையில் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பும். இவர்கள் வாராவாரம் அதே இடத்தில், அதே ஆழத்தில், அதே இரையோடு உட்காருகிறார்கள். எந்த இடத்தில் எத்தனை கிலோ மீன், என்ன இரைக்கு, எந்த மாதம் என்று குறித்து வைக்கும் பழக்கம் நல்ல சங்கங்கள் எல்லாவற்றிலும் உண்டு. பெருமை பேசுவதற்காகத் தொடங்கிய கணக்கு அது. ஆனால் பத்து வருடப் பக்கங்களைப் புரட்டினால் அது ஏரியின் மருத்துவக் குறிப்பு. பெரிய கட்லா குறைந்து ஜிலேபிக் கெண்டையே மாட்டுகிறதா? ஈயக்குண்டு முன்பு இறங்கிய ஆழத்துக்கு இப்போது இறங்கவில்லையா? அடியிலிருந்து வரும் நரம்பில் கருப்புச் சேறு ஒட்டி நாறுகிறதா? ஒவ்வொன்றுக்கும் பொருள் இருக்கிறது.

பவாயில் அந்தப் பொருள் என்ன என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. ஏரிக்கு நீர் தரும் பகுதி 6.61 சதுர கிலோமீட்டர், ஏரியைப் போல மூன்று மடங்கு. நூறு ஆண்டுகளுக்கு முன் அது மலைச்சரிவும் காடும். பிறகு கல்குவாரிகள் வந்தன, மண் சரிந்து ஏரிக்குள் இறங்கியது. 1980களிலிருந்து அடுக்குமாடிகள் எழுந்தன. மாளிகைகளிலிருந்தும் குடிசைகளிலிருந்தும், ஒருவருக்கொருவர் முகம் பார்க்காத இரண்டு வர்க்கங்களிலிருந்தும், சாக்கடை மட்டும் சமத்துவமாக வந்து சேர்ந்தது. கரையோரம் நெய்வேலிக் காட்டாமணக்கு படர்ந்தது, நடுவில் ஆகாயத்தாமரை. கணபதி விசர்ஜனத்தின்போது பாரிஸ் சாந்துப் பிள்ளையார்களும் அவர்களுடைய வர்ணமும்.

சாக்கடை நேரடியாக மீனைக் கொல்வதில்லை. அது உரம். உரம் விழுந்த நீரில் பாசி கொழிக்கும். பகலில் பாசி உயிர்வளியைக் கொட்டிக் கொடுக்கும். இரவானால் கொடுத்ததைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும். அழுகும் களையும் தன் பங்கைக் கேட்கும். விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு நீரில் உயிர்வளி அடிமட்டத்துக்குப் போயிருக்கும். முந்தைய நாள் மேகமூட்டமாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றை விழுங்கப் பார்க்கும். முதலில் சாவது பெரிய மீன்கள். காற்றைச் சுவாசிக்கத் தெரிந்த, இந்தியாவில் வளர்க்கத் தடை விதிக்கப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி போன்றவை இப்படிப்பட்ட நீரில்தான் ஜமாய்க்கும். செத்து மிதக்கும் மீனைப் பத்திரிகைகள் அடுத்த நாள் படம் எடுக்கின்றன. வாய் பிளந்த மீனைப் பார்த்திருப்பவர் அந்த நேரத்தில் கரையில் இருந்தவர் மட்டும்தான்.

பார்த்தவர் என்ன செய்ய முடியும்? சங்கத்தின் கை நீளும் எல்லை நீரின் விளிம்பு வரைதான். குஞ்சு விடலாம், களை எடுக்கச் செலவு செய்யலாம், வலைக்காரரைத் துரத்தலாம். ஏரி மாநகராட்சியின் சொத்து. சாக்கடைக் குழாய் இன்னொரு துறை. மலைச்சரிவு வேறொரு துறை. ஆகவே செயற்குழுவின் பாதி வேலை கடிதம் எழுதுவது. இரை பிசையும் பொறுமை இருக்கிறவர்களால்தான் அந்த வேலையைத் தொடர்ந்து செய்ய முடியும்.

அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் தேசிய ஏரிப் பாதுகாப்புத் திட்டத்தில் பவாய் சேர்க்கப்பட்டது. நுண்ணுயிர்களைக் கொண்டு நீரைத் தூய்மைப்படுத்தினார்கள். களையை வாரினார்கள். ஒவ்வொரு முறையும் ஏரி கொஞ்ச நாள் கண்ணாடியாய் மின்னியது. சாக்கடை வருவது நிற்காததால் ஆகாயத்தாமரையும் நிற்கவில்லை. மிதக்கும் இயந்திரம் ஒரு முனையில் வாரிக்கொண்டிருக்கும்போதே மறு முனையில் அது குட்டி போடும். ஒழுகும் குழாயை மூடாமல் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும் கதை.

தூண்டில்காரர்களைக் காவல் தெய்வங்களாக்கி மாலை போடுவதும் சரியாகாது. சங்கம் என்பது உறுப்பினர்களுக்கானது. உறுப்பினராகப் பணம் வேண்டும். ஏரியைச் சுற்றியும் ஆரே காட்டுக்குள்ளும் ஆதிவாசிக் குடியிருப்புகள் உள்ளன. ஏரி கட்டப்படுவதற்கு முன்பே அந்த நிலத்தில் இருந்தவர்களின் வழிவந்தவர்கள் அங்கே உண்டு. இரவில் ஒரு வலையோடு இறங்கி நான்கு ஜிலேபிக் கெண்டையோடு வீடு போகிறவரைச் சங்கத்தின் காவலாள் திருடன் என்பார். அவர் வீட்டில் அது அன்றைய குழம்பு. அதே இருட்டில் இன்னொரு வகையும் இறங்குகிறது. லாரிக்கு மீன் ஏற்றும் வியாபாரத்துக்காக வலை விரிப்பவர்கள் அவர்கள். முதலாமவரையும் இரண்டாமவரையும் ஒரே கம்பால் விரட்டுவதுதான் இத்தகைய சங்கங்கள் எங்கும் செய்துவரும் தவறு. குழம்புக்கு வருகிறவரைக் கரைக்காவலில் சேர்த்துக்கொண்டால் இரண்டாமவரைப் பிடிப்பது எளிது என்பது தூண்டில் போடத் தெரிந்தவர்களுக்குத் தெரியாததல்ல.

ஏரியில் இன்னொரு மீன்பிடிகாரரும் உண்டு: முதலை. சதுப்பு முதலைகள் சில பவாயில் வாழ்கின்றன. வெயில் ஏறும் வேளையில் பாறையிலோ மண்திட்டிலோ வந்து படுக்கும். எதிரே அடுக்குமாடி. மும்பையைத் தவிர வேறெங்கும் இந்தக் காட்சி பொய்யாகத் தோன்றும். சட்டப்படி முதலைக்குத்தான் இங்கே மிக வலுவான உரிமை. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதன் பெயர் இருக்கிறது. சந்தாவும் கட்டுவதில்லை.

மீன் விடுவது பற்றியும் ஒரு கசப்பான பாடம் உண்டு. அது தமிழர்களின் ஆற்றிலேயே நடந்தது. மும்பையிலிருந்து புனே போகும் வழியில் லோனாவாலாவில் டாட்டா நிறுவனத்தின் நீர்மின் ஏரிகள் இருக்கின்றன. அங்கே 1970களில் மகசீர் மீனைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்தார்கள். சி.வி. குல்கர்னி, எஸ்.என். ஓகலே போன்ற மீனியலாளர்களின் உழைப்பு அது. சாதனைதான், சந்தேகமில்லை. அழிந்துகொண்டிருந்த நீலத்துடுப்பு மகசீர் லட்சக்கணக்கில் பிறந்து, நாட்டின் பல நீர்நிலைகளுக்குப் பயணம் போனது. காவிரிக்கும் போனது.

காவிரியில் ஏற்கெனவே ஒரு மகசீர் இருந்தது. முதுகில் திமில் போலப் புடைப்புள்ள, ஐம்பது கிலோவைத் தொடக்கூடிய மீன். அதைத் தேடி உலகெங்கிலுமிருந்து தூண்டில்காரர்கள் கர்நாடகக் காட்டுக்குள் வந்தார்கள். பெங்களூர்ச் சங்கம் ஒன்று ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, வெடி வைத்து மீன் பிடிப்பதைத் தடுத்தது. பிடித்த மீனை எடைபோட்டு, குறித்துக்கொண்டு, உயிரோடு விட வேண்டும் என்பது விதி. எல்லாம் நல்லபடி நடந்தது. ஆற்றில் மீன் பெருக வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் லோனாவாலாக் குஞ்சுகளையும் விட்டார்கள். எல்லாம் மகசீர்தானே!

எல்லாம் மகசீர் இல்லை. 1998 முதல் 2012 வரை அந்த முகாமில் தூண்டில்காரர்கள் எழுதிவைத்த குறிப்பேடுகளை ஆராய்ச்சியாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். 2015இல் முடிவு வெளியானது. பிடிபட்ட மீன்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிருந்தது. ஆனால் ஏறியது வந்தேறி நீலத்துடுப்பு. சொந்தக்காரத் திமில் மீன் ஆண்டுக்கு ஆண்டு குறைந்திருந்தது. அதற்கு அறிவியல் பெயர்கூட அப்போது உறுதியாகவில்லை. 2018இல் பெயர் தெளிவானது. அதே ஆண்டில், மிக ஆபத்தான நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலிலும் ஏறியது. பெயர்சூட்டு விழாவும் மரண அறிவிப்பும் ஒரே நாளில் என்பது போல. நீலகிரி அடிவாரத்து மோயாற்றில்தான் அதன் எச்சம் இன்னும் தெரிகிறது.

கேட்டைச் செய்ததில் தூண்டில்காரர்களுக்குப் பங்கு உண்டு. கேட்டைக் கண்டுபிடித்ததும் அவர்களுடைய குறிப்பேட்டால்தான். அரசிடம் அந்தப் பதினைந்து வருடக் கணக்கு இல்லவே இல்லை. வனவிலங்குச் சட்டத்தின் புதிய விளக்கத்தால் முகாம்கள் 2012 வாக்கில் மூடப்பட்டபோது கணக்கும் நின்றுபோனது.

பவாய்க்குத் திரும்பினால், அங்கே ஆற்று மீனின் இனத்தூய்மை பற்றிக் கவலைப்பட அதிகம் இல்லை. அது மனிதர் கட்டிய குளம், அதில் இருக்கும் பெருங்கெண்டை அத்தனையும் மனிதர் விட்டது. ஆனால் காவிரிக் கதை சங்கத்துக்குள்ளே நடக்கும் ஒரு பழைய சண்டைக்கு வெளிச்சம் போடுகிறது. எந்தத் தூண்டில் சங்கத்தின் பொதுக்குழுவிலும் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, இன்னும் குஞ்சு விடு என்கும். சந்தா கட்டுகிறோம், ஞாயிற்றுக்கிழமை மீன் மாட்ட வேண்டாமா? மறு கட்சி, முதலில் தண்ணீரைப் பார் என்கும். முதல் கட்சிக்குத்தான் கைதட்டல் கிடைக்கும், ஏனென்றால் குஞ்சு விடுவது ஒரு காலை நேர வேலை. படம் எடுத்துக்கொள்ளலாம், ஆறு மாதத்தில் பலன் தெரியும். சாக்கடையைத் திருப்பும் வேலை பதவிக்காலத்துக்குள் முடியாது. முடிந்தாலும் அதை யாரும் தராசில் தொங்கவிட்டுப் படம் எடுக்க முடியாது. ஆனால் குஞ்சு விட்டுக்கொண்டே போய்த் தண்ணீரை விட்டுவிட்டால், விடியற்காலை நான்கு மணிக்கு அத்தனையும் வாய் பிளந்து மேலே வரும்.

ஏரியைப் பார்க்க விரும்புகிறவர்களின் கூட்டம் பெருகியிருப்பது அண்மைக் காலத்து மாற்றம். தூண்டில்காரர்களுக்கு மட்டும் தேவைப்பட்ட ஏரி இன்று பறவை பார்ப்பவர்களுக்கும் வேண்டும், காலை நடைக்காரர்களுக்கும் வேண்டும். எல்லோருக்கும் வேண்டியதாகிவிட்டால் அதிலும் ஓர் ஆபத்து. 2021இல் மாநகராட்சி ஏரியைச் சுற்றிச் சைக்கிள் பாதையும் நடைபாதையும் போடத் தொடங்கியது. கரையோரத்து நீர்ப்பரப்பில் கற்களைக் கொட்டி அதன் மேல் பாதை. கரையோரம்தானே என்று தோன்றும். மீன்குஞ்சுகள் ஒளிவதும், கொக்கு நிற்பதும், முதலை படுப்பதும் அந்தக் கரையோரத்தில்தான். தொழில்நுட்பக் கழக மாணவர்களும் சூழல் அமைப்பினரும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2022 மே 6 அன்று மும்பை உயர்நீதிமன்றம் திட்டம் சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தது. போட்டதை அகற்றி இடத்தைப் பழையபடி ஆக்க உத்தரவிட்டது. ஈரநிலங்களுக்கான 2017ஆம் ஆண்டு விதிகள்தான் தீர்ப்புக்கு அடிப்படை. குடிக்க உதவாத ஏரி, சட்டத்தின் கண்ணில் ஏரிதான் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

சாக்கடையை நிறுத்தும் தீர்ப்பு அது இல்லை. ஆகாயத்தாமரை அதற்குப் பின்னும் வந்தது, வருகிறது.

நிரம்பிய பவாய் வழிந்தால் எங்கே போகும்? மித்தி ஆற்றுக்கு. மேலேயுள்ள விகார் ஏரியின் வழிநீரும் சேர்ந்து, ஆலைகளையும் விமான நிலையத்தையும் சுற்றி, பாந்த்ரா-குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்களைக் கடந்து, மாஹிம் கழிமுகத்தை அடையும் ஆறு அது. மாஹிமுக்கு முன்னால் அது உரசிக்கொண்டு போவது தாராவியை. தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் தாராவி. 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது மித்தி எத்தனை வீடுகளுக்குள் புகுந்தது என்பதை அங்குள்ளவர்கள் மறக்கவில்லை. பவாயில் மண் சேர்ந்து ஓர் அடி ஆழம் குறைந்தால், அந்த ஓர் அடித் தண்ணீர் மழை நாளில் தங்க இடமில்லாமல் கீழேதான் போகும். தூண்டில் பிடித்தே இராத மாரியம்மன் கோயில் தெருக்காரருக்கும், பவாயில் ஈயக்குண்டு எத்தனை அடி இறங்குகிறது என்பதில் இப்படி ஒரு பங்கு வந்துவிடுகிறது.

ஏரி வழியும் நாளில் சங்கத்துக்காரர்கள் முகத்தில் மகிழ்ச்சியைத் தேடினால் கிடைக்காது. வழியும் நீரோடு மீன்களும் போய்விடும். கீழே ஓடையில் வாளியும் வலையும் புடவைத் துணியுமாகக் கூட்டம் காத்திருக்கும். சிறுவர்கள் வெறுங்கையாலேயே பிடிப்பார்கள். வருடம் முழுக்க வளர்த்த கட்லா ஒன்று, தூண்டிலும் காணாமல், சந்தாவும் கட்டாத ஒரு பையனின் கையில் துள்ளும். செயற்குழு அதை இழப்பு என்று எழுதும். அன்றைக்கு அந்தத் தெருவில் விருந்து.

மழை ஓய்ந்து நீர் தெளிந்ததும் குஞ்சுகள் வரும். உயிர்வளி அடைத்த பாலிதீன் பைகளில், விரல் நீளத்தில், ஒரு பைக்கு நூற்றுக்கணக்கில். வந்தவுடன் அவிழ்த்துக் கொட்டக் கூடாது. பைகளைக் கட்டவிழ்க்காமலே ஏரியில் மிதக்க விட வேண்டும், பை நீரின் சூடும் ஏரி நீரின் சூடும் ஒன்றாகும்வரை. பிறகு வாயைத் திறந்து, ஏரித் தண்ணீரைக் கை கையாக உள்ளே விட வேண்டும். அவசரப்பட்டால் அதிர்ச்சியிலேயே செத்துவிடும். சங்கத்தின் மூத்தவர்கள் கால்சட்டையை மடித்துக்கொண்டு முழங்கால் நீரில் குனிந்து நிற்பார்கள். ஆகாயத்தாமரையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, மறு கையால் பையைச் சாய்த்துப் பிடித்திருப்பார்கள். குஞ்சுகள் கொஞ்ச நேரம் பை வாயிலேயே தயங்கி நிற்கும். பிறகு ஒன்று வெளியே போகும். மற்றவை அதன் பின்னால்.